ஒருபெயர் பூண்ட ஊர்களும் குலவரலாறும்

மக்களுள் ஒருபெயருடையார் பலராயின், அவரை ஊர்ப்பெயரால் வேறுபிரித்தறிதல் தமிழர்க்குத் தொன்றுதொட்ட வழக்கமாம். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்புழி, ஊரும் தொழிலும் ஒருங்கு நின்று புலவரைச் சுட்டுதல் காண்க. ஆயின், அவ்வூர்ப்பெயரே பல ஊர்கட்குப் பொதுவாய் நிற்குமேல் என் செய்வது? நம் சங்கத்துக் குடும்பங்கள் தத்தம் கால்வழியை எழுதிவைக்கப் புகுங்கால் இவ்வினா இன்றியமையாததாகின்றது.

திருப்பத்தூரை எடுத்துக்கொள்வாம். ஏலகிரி மலைக்கு அணித்தாய் வடக்கே ஒன்று. பிள்ளையார்பட்டிக்கு அணித்தாய் தெற்கே ஒன்று. இரண்டும் தாலூகாவின் தலைமையூர்கள். இரண்டும் தம் பெயராற் சட்டசபைத் தொகுதி உடையன. தேவாரத்துத் திருப்புத்தூர் தெற்கின்கண் உள்ளது. 1792ல் பாரமகால் நாடு கும்பினியார் கைப்பட்டபோது காப்டன் ரீடு என்பார் தலைமையிடமாகக் கொண்டது வடக்கின்கண் உள்ளது. 1801ல் அக்கும்பினியாரே மருது சகோதரரைத் தூக்கிலிட்டது தெற்கின்கண் உள்ளது. ஒன்பதாண்டு இடையீட்டில் நிகழ்ந்த இவ்விரண்டினையும் ஓரூரின் செய்திகளாகக் கொள்வார்க்குச் சரித்திரமே தடுமாறிப்போம்.

ஜில்லாவின் பெயரைக் கூட்டி எழுதின் ஐயம் நீங்குமன்றோ எனின், முற்றும் நீங்காது. வடதிருப்பத்தூர் முதலிற் சேலம் ஜில்லாவினது; 1911ல் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது; பின்னர் வேலூர் மாவட்டத்ததாகி, 2019ல் தானே ஒரு மாவட்டத் தலைநகராயிற்று. தென்திருப்பத்தூர் 1910க்கு முன் மதுரை ஜில்லாவினது. பின் இராமநாதபுரத்ததாகி, 1985 முதல் சிவகங்கையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்ததாயிற்று. ஆகவே, பாட்டனார் பத்திரத்திற் சேலம் ஜில்லா என்றும், தந்தையார் பத்திரத்தில் வட ஆர்க்காடு ஜில்லா என்றும் காண்போர், குடும்பம் ஊர்விட்டு ஊர்பெயர்ந்ததென மயங்குதல் கூடும். பெயர்ந்தது எல்லையே, குடும்பமன்று.

இம்மயக்கம் நம் வாயிலிலும் உண்டு. 1912ல் தோன்றிய குரோம் தோல் தொழிற்சாலையாற் பெயர்பெற்ற குரோம்பேட்டைக்கு ஊர்ப்பெயர் மயக்கம் இல்லை. எனினும், செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த இவ்வூர் 1997ல் காஞ்சிபுரம் மாவட்டத்ததாகி, 2019ல் மீண்டும் செங்கற்பட்டைச் சார்ந்தது. அசையாத ஒரு வீட்டிற்கு ஆவணங்களில் வெவ்வேறு ஜில்லாக்கள்!

நம் முன்னோர் இதற்கு நல்லதோர் வழி கண்டனர். புத்தூர்கள் பலவாதலின், ஒன்றனை அரிசிற்கரைப்புத்தூர் என்றும், மற்றொன்றனைக் கடுவாய்க்கரைப்புத்தூர் என்றும் ஆற்றின் பெயரால் வழங்கினர். அரசாட்சி மாறும், எல்லை மாறும். ஆறும் மலையும் அத்துணை விரைவில் மாறா.

ஆதலின், கால்வழி எழுதுவோர் ஊர்ப்பெயரோடு அருகுள்ள ஆறு, மலை, கோயில் இவற்றுள் ஒன்றனைச் சேர்த்தெழுதுக. ஜில்லாவைக் குறிப்பின் ஆண்டினையும் உடன் குறிக்க. ‘பூர்வீகம் திருப்பத்தூர்’ என்னும் ஒருசொல் கொண்டு அன்னியரை உறவென்று கொள்ளுதலும், உறவினரை அன்னியரென்று தள்ளுதலும் எளிது. மணம் பேசுமிடத்தும், குலதெய்வக் கோயில் தேடுமிடத்தும் இப்பிழையின் துன்பம் வெளிப்படும். எந்தத் திருப்பத்தூர் என்று சொல்லவல்ல முதியோர் நம் இல்லங்களில் இருக்கும்பொழுதே கேட்டு எழுதிவைத்தல் இளையோர் கடனாம்.