மோதிரத்துள் நுழையும் சால்வை

ஆறடிச் சதுரமான கம்பளிச் சால்வை ஒன்று. அதன் நிறையோ மூன்று அவுன்சு அளவே. ஒரு முனையை மணமோதிரத்துள் செலுத்தி மெல்ல இழுத்தால் சால்வை முழுவதும் மோதிரத்தைக் கடந்து வந்துவிடும். இது பற்றியே அதனை மோதிரச் சால்வை என்று வழங்கினர். நுண்ணிய ஆடையைப் பாம்புரிக்கு ஒப்பிட்ட சங்கப் புலவர்கள் இதனைக் கண்டிருப்பின் இதற்கும் அவ்வுவமையையே கூறியிருப்பர். ஆயினும் அவர்கள் பாடியது தறியில் நெய்த துணி. இது தறியையே காணாதது. மெல்லிய ஊசிகளைக் கொண்டு, நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பெண்கள் கையால் பின்னியது.

இதன் பிறப்பிடம் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகள். நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளுள் மக்கள் வாழ்வன சிலவே. காற்றின் கடுமையால் மரங்கள் அங்கு அரிது. 1469 ஆம் ஆண்டில் டென்மார்க் மன்னன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னன் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்தபொழுது, சீதனப் பணத்துக்கு ஈடாக இத்தீவுகளை அடகு வைத்தான். அவ்வடகு மீட்கப்படவே இல்லை.

அங்குள்ள ஆடு உருவிற் சிறியது. உரோமமோ மிக மென்மையானது. முற்காலத்தில் அதனைக் கத்தரிக்கவில்லை. கோடைத் தொடக்கத்தில் உரோமம் தானே தளரும். அப்பொழுது கையாற் பறித்தெடுத்தனர். கத்தரித்த உரோமத்தின் முனை மொட்டையாக நின்று உடலில் உறுத்தும். பறித்த உரோமத்தில் அக்குறை இல்லை. மோதிரச் சால்வைக்குக் கழுத்துப் பகுதியின் உரோமமே தெரிந்தெடுக்கப்பட்டது. அதனைக் கையாற் சிக்கெடுத்து, இராட்டையில் மயிரிழைபோல் நூற்று, இரண்டு இழைகளை முறுக்கி ஒன்றாக்குவர். வடகோடித் தீவாகிய அன்ஸ்ட் இவ்வேலைக்குப் பெயர் பெற்றது. பின்னி முடித்த சால்வையைக் கழுவி, மரச்சட்டத்தில் நாற்புறமும் இழுத்துக் கட்டி உலர்த்துவர். சுருங்கிக் கிடந்த பின்னல் அப்பொழுதுதான் சிலந்திவலைபோல் விரிந்து காட்சி தரும். பறவைக்கண், பூனைப்பாதம், அலைத்தடம் என அக்கோலங்களுக்குப் பெயர்கள் உண்டு. அவை ஏட்டில் எழுதப்பட்டவை அல்ல. தாயின் விரலைப் பார்த்து மகள் கற்றாள். கண்ணிக் கணக்கு மனத்திலேயே இருந்தது.

பின்னுதல் அங்குப் பழந்தொழிலே. பதினேழாம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் கோடையில் ஹெர்ரிங் மீன் பிடிக்க வந்த டச்சுக்காரர்களுக்குத் தீவுப் பெண்கள் கம்பளிக் காலுறைகளை விற்றனர். பின்னர்ப் போர்களாலும் இயந்திரக் காலுறைகளாலும் அவ்வணிகம் தேய்ந்தது. இயந்திரத்தால் செய்யவியலாத ஒன்றைச் செய்தாலன்றிப் பிழைப்பில்லை என்ற நிலையிலேயே, 1830களை அடுத்து நுண்பின்னற் சால்வை தோன்றி வளர்ந்தது.

இவ்விடத்தில் மலாயா மக்களுக்கும் அறிமுகமான ஒரு பெயரைக் குறிப்பிடுதல் வேண்டும். பி அண்டு ஓ கப்பற் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான ஆர்தர் ஆண்டர்சன் ஷெட்லாந்தில் 1792 இல் பிறந்தவர். சிறுவயதில் கடற்கரையில் மீன் உலர்த்தும் வேலை செய்தவர். அக்கம்பெனியின் தபாற்கப்பல் 1845 ஆகஸ்டில் முதன்முதலாகச் சிங்கப்பூரை அடைந்தது. அதற்கு எட்டாண்டுகட்கு முன்பே, 1837 இல், அவர் தம் ஊர்ப் பெண்கள் பின்னிய நுண்ணிய காலுறைகளை விக்டோரியா அரசியாருக்குக் காணிக்கையாக அளித்திருந்தார். அரசியார் விரும்பியதைச் சீமாட்டிகளும் விரும்பினர். 1851 இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஷெட்லாந்துச் சால்வைகளும் இடம்பெற்றன.

சீமாட்டியின் தோளை அழகு செய்த சால்வை, அதைப் பின்னியவளுக்கு என்ன கொடுத்தது? அவள் கையில் ஊசி ஓய்ந்த நேரமே இல்லை. குதிரைமயிர் அடைத்துத் துளையிட்ட தோற்பட்டையை இடையிற் கட்டி, ஊசியின் ஒரு முனையை அதில் ஊன்றிக்கொண்டு, முதுகில் கரிமண் கூடை சுமந்து நடக்கும்பொழுதும் பின்னினாள். ஆடவர் ஆறு துடுப்புப் படகுகளில் ஆழ்கடலுக்குச் சென்றனர். 1832 ஜூலைப் புயலில் 31 படகுகளும் 105 உயிர்களும் போயின. 1881 ஜூலையில் குளூப் பேரிடர் எனப்படும் புயலில் படகுகள் பத்து, 58 பேரோடு மூழ்கின. அவ்வீடுகளில் எஞ்சியவை ஆடும் ஊசியும் சிறு நிலத்துண்டுமே.

சால்வையைக் கொண்டுபோனால் லெர்விக் நகரக் கடைக்காரர் விலை சொல்வார், பணம் தரமாட்டார். விலைக்கு ஈடாகத் தேயிலையும் துணியும் கொடுப்பார். மிச்சமிருந்தால் ஒரு சீட்டு எழுதித் தருவார். அச்சீட்டுக்கும் அவர் கடையிலேயே சரக்கு எடுக்க வேண்டும். தோட்டத்துக் கடைப் பற்றுப் புத்தகத்தை அறிந்த முதியோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. மாவு வேண்டுமானால், அது பெரும்பாலும் அக்கடைகளில் கிடைக்காது. எனவே கூலியாகப் பெற்ற தேயிலையை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்து, அதற்கு ஈடாக மாவோ உருளைக்கிழங்கோ பெற்று அடுப்பு மூட்டினர். உடம்பில் நல்ல துணி இருக்கும், வயிறு நிரம்பியிராது.

1872 ஜனவரியில் வில்லியம் கத்ரி என்னும் வழக்கறிஞர் அரசாங்கத்தின் விசாரணையாளராக லெர்விக்கில் அமர்ந்து, பின்னற் பெண்களை அழைத்து வினவினார். கேள்விகளும் விடைகளும் அப்படியே அச்சிடப்பட்டன. ஷெட்லாந்துச் சால்வையின் வரலாற்றில் அரசியாரின் பெயரினும் சிறந்தது அவ்வறிக்கையே எனலாம். பொருட்காட்சிச் சாலைகளிலுள்ள பழஞ்சால்வைகள் பலவற்றின்மேல் பின்னியவளின் பெயர் இல்லை. இவ்வறிக்கையிலோ அவள் தன் பெயரோடு வந்து, என்ன பின்னினாள், என்ன பெற்றாள், பணம் கேட்டாளா, கேட்டபொழுது என்ன சொன்னார்கள் என்றெல்லாம் தன் வாயாலேயே கூறுகிறாள். 1831 ஆம் ஆண்டுச் சட்டம் கூலியைச் சரக்காகக் கொடுப்பதைத் தொழிலாளர் பலருக்குத் தடுத்திருந்தும், வீட்டிலிருந்து பின்னுபவளை எட்டவில்லை. 1887 இன் திருத்தமே ஐந்து பவுனுக்குக் குறைந்த பின்னற் பொருள்களை அதன் காவலுள் கொண்டுவந்தது. அதன் பின்னரும் பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது தீவுகளில் தங்கிய படைவீரர் ரொக்கம் கொடுத்து வாங்கத் தொடங்கிய பிறகே அதன் பிடி தளர்ந்தது.

அதற்குள் சால்வையின் காலமும் மாறிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வண்ணக் கம்பளிச் சட்டையே நாகரிகமாயிற்று. 1970களில் வடகடல் எண்ணெய் வந்தபொழுது பெண்களுக்கு மாதச் சம்பள வேலைகள் கிடைத்தன. ஊசியைக் கீழே வைத்தவர்களைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. தீவுத் தொடக்கப் பள்ளிகளில் பின்னல் ஒரு பாடமாக இருந்து வந்தது. 2010 இல் செலவைக் குறைக்க வேண்டி உள்ளூராட்சி மன்றம் அதனை நிறுத்த முடிவு செய்தது. 2014 முதல், பின்னல் அறிந்த பெரியவர்கள் ஊதியமின்றிப் பிள்ளைகளைக் குழுக்களாக அமர்த்திக் கற்பித்து வருகின்றனர். பழைய தோற்பட்டையும் நீண்ட ஊசியும் அப்பிள்ளைகளின் கைக்கு மீண்டும் வந்திருக்கின்றன. அவர்கள் முதலிற் பின்னுவது மோதிரச் சால்வை அன்று. தடித்த நூலில் ஓர் எளிய சிறு பொருள்.