உள்ளிணைப்பு மாற்றி

உள்ளிணைப்பு மாற்றி என்பது கணினிக் குறிப்புகளில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புகளைக் கண்டறிந்து, ஒரு குறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் நிரலகம். விக்கிப்பீடியா இன்று இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியின் பக்கங்களை மார்க்டவுன் கோப்புகளாக்கும்போதும், குறிப்பேட்டை வலைத்தளமாக்கும்போதும் இது தேவைப்படுகிறது. தமிழில் இதற்கு எழும் சிக்கல்கள் பலவற்றைக் கொழும்பு, அதன் பகுதிகளான கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய ஊர்ப்பெயர்களை வைத்தே காட்டிவிடலாம்.

வரலாறு

வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் வெளியிட்ட முதல் விக்கியில் இணைப்புக்கெனத் தனி அடைப்பு இல்லை. ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் அதுவே இணைப்பு ஆயிற்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாத தமிழில் இம்முறையில் ஓர் இணைப்பைக்கூட எழுத முடியாது. 2001 இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது கிளிஃபர்ட் ஆடம்ஸ் எழுதிய யூஸ்மாட் விக்கி அதன் மென்பொருளாக இருந்தது. அதன் வழியாகவே [[ ]] என்னும் இரட்டைச் சதுர அடைப்பு பரவியது. மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறை 2004 இல் வந்தது. ஜான் குரூபர் அதில் காட்டும் சொல்லைச் சதுர அடைப்பிலும் முகவரியைப் பிறை அடைப்பிலும் வைத்தார். பக்கப் பெயரைத் தவிர வேறெதையும் எழுதுபவர் நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதால் விக்கி முறையே குறிப்புகளுக்கு ஏற்றது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் உருவானது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்ககாலக் கட்டுரைகள் பலவற்றை எழுதினார். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்யும் நூலகம் திட்டம் 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. அதன் தளமும் மீடியாவிக்கியில் இயங்குகிறது. ஈழத்து நூல் விவரங்கள் பல இந்த அடைப்புக் குறிகளுக்குள் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

பாமினியும் சதுர அடைப்பும்

இலங்கையில் யூனிகோடு பரவுமுன் பாமினி எழுத்துருவே பெருவழக்காக இருந்தது. அதில் '[' விசை ஜ, ']' விசை ஸ. பாமினியில் தட்டச்சிட்ட 'ஜேம்ஸ்' என்ற பெயரைக் கணினி நேரடியாகப் பார்த்தால் ஜகரத்தில் ஓர் அடைப்பு திறந்து ஸகரத்தில் மூடும். கத்தோலிக்கர் நிறைந்த கொட்டாஞ்சேனையின் பெயர்ப் பட்டியலொன்றில் இத்தகைய போலி அடைப்புகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். எதிர்த்திசையிலும் இடர் உண்டு: இணைப்பு இட்ட கோப்பைப் பாமினி மாற்றியில் போட்டால் [[ என்பது ஜஜ ஆகவும் ]] என்பது ஸஸ ஆகவும் வரும். ஆகவே யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே இணைப்பிட வேண்டும்.

இணைப்பு வால்

மீடியாவிக்கியில் ]] குறியை ஒட்டி வரும் எழுத்துகளும் இணைப்பின் பகுதியாகக் காட்டப்படும். தமிழுக்கான அமைப்பில் இந்த வாலுக்குத் தமிழ் யூனிகோடுத் தொகுதி முழுவதும் ஏற்கப்பட்டுள்ளது. அதனால் [[வெள்ளவத்தை]]யில், [[கொட்டாஞ்சேனை]]க்கு என்று எழுதினாலே போதும். ஐகாரத்தில் முடியும் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது சிதைவதில்லை. கொழும்பு அப்படியன்று, உகரம் கெடுவதால் [[கொழும்பு|கொழும்பில்]] என்று நெடுங்கோடிட்டு இருமுறை எழுத வேண்டும். யாழ்ப்பாணம், தமிழ் என்பனவும் இவ்வகையே.

ஒப்சிடியன் என்னும் குறிப்பேட்டு மென்பொருளில் வால் கிடையாது. [[வெள்ளவத்தை]]யில் என்பதை அங்கே கொண்டுபோகும் நிரலகம் [[வெள்ளவத்தை|வெள்ளவத்தையில்]] என விரிக்க வேண்டும். வாலை அளக்க யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் பார்க்கும் நிரல் யகரத்தை எடுத்துக்கொண்டு இகரக் குறியை வெளியே தள்ளிவிடும். உயிர்க்குறிகளும் புள்ளியும் அந்த வகையில் அடங்குவதில்லை. தலைப்பிலிருந்து முகவரி ஆக்கும்போதும் இதே பிழைதான்: குறிகளை உதிர்த்தால் கொழும்பு 'கழமப' ஆகிவிடும். இதைச் செய்யும் நிரலகங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன என்பது வெட்கக்கேடு.

ஒரே பெயர், இரு வடிவம்

கொழும்பு, கொட்டாஞ்சேனை இரண்டும் 'கொ'வில் தொடங்குகின்றன. ககரத்துடன் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவோ சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு அவை இரு வேறு பக்கங்கள். மாக் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைத்தது. மீடியாவிக்கி உள்வரும் எழுத்தைச் சேர்ப்பு வடிவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. எந்த நிரலகமும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுவே.

சந்திப் பிரச்சினை வேறு. 'கொழும்புத் தமிழ்ச் சங்கம்', 'கொழும்பு தமிழ்ச் சங்கம்' என்ற இரண்டையும் எந்த யூனிகோடு விதியும் ஒன்றாக்காது. விக்கியில் #வழிமாற்று என்று தொடங்கும் ஒரு பக்கம் இதைத் தீர்க்கும். மாற்றி அந்தப் பக்கத்தையும் படித்துச் சேரவேண்டிய பெயரை எடுக்க வேண்டும். இரட்டை அடைப்பில் இருப்பதெல்லாம் இணைப்பும் அல்ல: [[பகுப்பு:கொழும்பு]] என்பது இணைப்பே அன்று, வகைப்பாடு. 'பகுப்பு' போன்ற பெயர்வெளி முன்னொட்டுகளின் ஆங்கில வடிவங்களை மட்டும் அறிந்த நிரலகம் அதையும் சாதாரண இணைப்பாக்கிவிடும்.

முகவரியின் நீளமும் ஒரு தொல்லை. யூடிஎப்-8 இல் ஒவ்வொரு தமிழ் யூனிகோடுக் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள்; ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 எழுத்தாக விரியும். சேர்ப்பு வடிவில் 8 குறியீடுகள் கொண்ட கொழும்பு 72 எழுத்துகளாகவும், 10 குறியீடுகள் கொண்ட வெள்ளவத்தை 90 எழுத்துகளாகவும் நீளும்.

இன்றைய நிலை

ஜான் மெக்ஃபார்லேனின் பாண்டொக் 2006 முதல் பல குறிமுறைகளுக்கிடையே மாற்றித் தருகிறது. 2020 இல் வந்த ஒப்சிடியன் இரட்டை அடைப்பைத் தனிநபர் குறிப்பேடுகளிலும் பரப்பியது.