பொன் ஒடோரி

ஜப்பானியக் கோடை விழாக்களில் குழந்தைகளும் பாட்டிகளும் ஒரே வட்டத்தில் ஆடும் ஆட்டம். இங்கே ‘பொன்’ தங்கமன்று. முன்னோரை வீட்டுக்கு வரவேற்கும் ஒபொன் நாட்களைக் குறிப்பது. ‘உரபொன்’ என்பதன் சுருக்கம் அது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், பசிப்பேயாய்த் தவித்த தாயைத் துறவியருக்கு உணவளித்து மீட்டார் என்பது இதன் பின்னுள்ள கதை. உரபொன்னின் மூலம் தலைகீழாகத் தொங்குவதைக் குறிக்கும் ‘உல்லம்பன’ என்ற வடசொல் என்பர். சோற்றைக் குறிக்கும் ‘ஓதன’த்திலிருந்து வந்தது என்போரும் உண்டு. நம் நிகண்டுகளிலும் ஓதனம் சோறுதான். கதையோடு பொருந்துவதால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

‘ஒடோரு’ என்றால் துள்ளி ஆடுதல். சுழன்றாடும் ‘மாய்’ என்பதிலிருந்து இது வேறு. நடுவே யாகுரா என்னும் மரமேடை. அதன்மேல் தைகோ முரசு. முன்னால் ஆடுபவரைப் பார்த்தே அடி பழகலாம். எங்கும் கேட்கும் ‘தான்கோ புஷி’ கியூஷூ நிலக்கரிச் சுரங்கத்தார் பாட்டு: தோண்டுவதும் வண்டி தள்ளுவதுமே அபிநயம். கிஃபு மாநிலத்துக் குஜோவில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய ஆடுகிறார்கள்.