வள்ளியம்மாளின் பாட்டும் விளையாட்டு மேடையும்

2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. உக்ரைன் போரால் ரஷ்யாவின் கையை விட்டுப் போன போட்டி அது. தமிழ்நாடு அதைக் கேட்டு வாங்கி மாமல்லபுரத்தில் நடத்தியது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றது. தொடக்க விழா மேடையில் பாடகி தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடினார்கள். அரங்கம் கைதட்டியது. அந்தப் பாட்டில் தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை எழுதி, தன் குரலிலேயே பாடிய அறிவு மேடையில் இல்லை.

அவர் அமெரிக்காவில் இருந்ததால் பங்கேற்க முடியவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தரப்பு சொன்னது. பாட்டின் வரியும் மெட்டும் தன் உழைப்பு என்று அறிவு எழுதினார். இது மூவரின் கூட்டு உழைப்பு, வருவாயும் உரிமையும் சமம் என்று மறுதரப்பு பதில் சொன்னது. அதற்கு ஓராண்டு முன்பே, 2021 ஆகஸ்டில், ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாததைக் கண்டித்து இயக்குநர் பா.ரஞ்சித் குரல் கொடுத்திருந்தார். யார் மெட்டு, யார் வரி என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு விளையாட்டு விழா அடிமை உழைப்பின் நினைவைப் பாட்டாக எடுத்துக்கொள்ளும்போது, அந்த நினைவைச் சுமந்துவந்த பெண் எங்கே நிற்கிறாள்?

அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டம். 1820களில் காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுபோகத் தொடங்கினார்கள். காப்பியை நோய் அழித்த பிறகு தேயிலை வந்தது. தேயிலை வந்ததும் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. சட்டப்படி இதற்கு அடிமைமுறை என்று பெயர் இல்லை. பிரிட்டிஷ் இந்தியா 1843லேயே அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆனால் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கழுத்தில் விழும். கடன் தீர்ந்தது என்ற ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. அந்தத் துண்டு முறை 1921 வரை சட்டப்படியே நடந்தது. பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மூட்டை முடிச்சோடு திரும்பியவர்களுக்கு இங்கே நிலமும் இல்லை, ஊரும் இல்லை. பாடுபட்டவளுக்கு மண் இல்லை என்பதுதான் அந்தப் பாட்டின் நெஞ்சு. அதன் பின்பகுதியில் வருவது ஒப்பாரி.

ஒப்பாரி பெண்களின் கலை. செத்தவரைப் பாடுவதாகத் தொடங்கி, தாய்வீடு, புருஷன், பண்ணைக்காரன், பட்டினி என்று சொல்ல முடியாததையெல்லாம் அதில் சொல்லிவிடுவார்கள். கட்டியவள் பெயர் அதில் ஒட்டாது. மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்த சி.வி.வேலுப்பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியும். கொழுந்து பறித்துக்கொண்டே பாடியவளின் பெயர் தெரியாது. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற சொல் கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் உடையவர் இல்லாத பொருள் என்று அதற்கு ஒரு மறைபொருளும் உண்டு. உடையவர் இல்லாததை யாரும் எடுக்கலாம்.

காஞ்சிபுரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் தறிக்குழியில் உட்கார்ந்தால், கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் ஓர் ஆள். பல காலம் அந்த ஆள், வாங்கிய முன்பணத்துக்காக உட்கார வைக்கப்பட்ட பிள்ளை. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் ஊரும் இருக்கிறது. தார் சுற்றுவதும் பாவு புணைப்பதும் வீட்டுப் பெண்களின் வேலை. அதற்குத் தனிக் கூலி கிடையாது. சேலைக்கு ஊர்ப்பெயர் உண்டு, கடைப்பெயர் உண்டு, புவிசார் குறியீடும் உண்டு. தார் சுற்றியவளுக்கு அதில் இடமில்லை.

இதே கேள்வி கடல் கடந்து இங்கிலாந்தின் ரக்பி திடலிலும் எழுந்தது. ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்’ அமெரிக்கக் கறுப்பின அடிமைகளிடமிருந்து வந்த பக்திப்பாட்டு. சாக்டா பழங்குடியினரிடம் அடிமையாக இருந்த வாலஸ் வில்லிஸ் அதைக் கட்டினார் என்று சொல்வார்கள். கூடவே பாடிய மனைவி மினர்வாவின் பெயரைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். 1871இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியபோது, ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்கள். ஐந்து பேர் பெண்கள். பியானோ வாசித்து, குழுவைக் கட்டிக் காத்தவர் எல்லா ஷெப்பர்ட், அடிமையாகப் பிறந்தவர். அவர் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. எஜமானி தன் குழந்தையையே தனக்கு எதிராக ஒற்றாக்குகிறாள் என்று அறிந்த தாய், குழந்தை எல்லாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் விழப் போனாள். ஒரு கிழவி வழிமறித்து, ஆண்டவரின் ரதம் தாழ்ந்து வரட்டும், பொறு என்றாளாம். பாட்டு அங்கிருந்து வந்ததா, வில்லிஸிடமிருந்து வந்ததா என்பது வேறு விவாதம். எல்லாவுக்கு அதில் கேட்டது தன் தாயின் குரல்.

அந்த மாணவர்களுக்கும் முதலில் தயக்கம் இருந்தது. அடிமைக்காலப் பாட்டுகள் தங்கள் பெற்றோருக்குப் புனிதமானவை. அவற்றை வெள்ளையர் முன் காட்சிப்பொருளாக்க நினைத்ததே இல்லை என்று எல்லா பின்னர் எழுதினார். பிறகு பாடத் துணிந்தார்கள். இங்கிலாந்து போய் விக்டோரியா அரசியின் முன்னும் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது. அந்தப் பாட்டை முதலில் மேடையேற்றியவர்கள் அதன் சொந்தக்காரர்களே. வந்த பணம் அவர்கள் படித்த பல்கலைக்கழகத்துக்கே போனது.

ரக்பியில் நடந்தது வேறு. கிளப்புகளில் குடித்துவிட்டு ஆபாசக் கைச்சாடைகளோடு இதைப் பாடும் வழக்கம் முன்பே இருந்தது. ஆற்றங்கரையில் நின்ற தாயின் பாட்டு பீர் மேசையில் ஆண்களின் கேலிக்கூத்தானது. 1988 மார்ச்சில் ட்விக்கன்ஹாமில் அயர்லாந்துக்கு எதிராகக் கறுப்பின வீரர் கிறிஸ் ஓட்டி மூன்று முறை ‘ட்ரை’ எடுத்தபோது கூட்டம் அதைப் பாடியது. அன்றிலிருந்து அது இங்கிலாந்து அணியின் பாட்டு. ஓட்டிக்கு அது பாராட்டா, அவர் நிறத்தைக் குறித்த சிரிப்பா என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு ரக்பி சங்கம் இதை மறுபரிசீலனை செய்தது. பாடுவோர் கெட்ட எண்ணத்தோடு பாடுவதாகத் தோன்றவில்லை, ஆனால் அதன் பின்னணி சிக்கலானது என்றார் கறுப்பின வீரர் மாரோ இடோஜி. கடைசியில் சங்கம் தடை போடவில்லை.

தடை போடாதது சரி என்பேன். கூட்டம் வாய்திறந்து பாடுவதைச் சட்டம் போட்டு அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம். பாட்டு பரவுவதற்குத்தான் இருக்கிறது. நம் தெருப் பையன்கள் கிரிக்கெட் ஜெயித்த சந்தோஷத்தில் ‘என்ஜாய் எஞ்சாமி’க்கு ஆடினால் அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ரசிகர் வேறு, நிறுவனம் வேறு. ஓர் அரசோ சங்கமோ பாட்டை மேடையேற்றும்போது, அது தேர்வு செய்கிறது, செலவழிக்கிறது, பெயர் எடுக்கிறது. அதற்குக் கடமை உண்டு. யாருடைய பாட்டோ அவரிடம் கேட்பது, அவர் பெயரைச் சொல்வது, பணத்தைக் கொடுப்பது. மூன்றாவதைப் பற்றி நாம் கூச்சப்படுகிறோம். 2024இல் சந்தோஷ் நாராயணனே, கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பிரபலமானவர்களுக்கே அந்த நிலை என்றால், கொழுந்து பறித்தவளைப் பற்றி என்ன பேச?

அறிவுக்கு நடந்ததைக் கேட்ட பலர் சாதியைப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். அந்த விவாதத்திலும் வள்ளியம்மாள் ‘பாட்டி’யாகவே நின்றுவிட்டார். பேரனுக்குக் கதை சொன்ன கிழவி என்பதற்கு மேல் அவரை ஒரு வரலாற்றுச் சாட்சியாக யாரும் அதிகம் கேட்கவில்லை. மேடையில் பாடிய இருவரும் பெண்கள் என்பது இதைச் சரிக்கட்டாது. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. மாரியம்மாள் போன்றவர்கள் இத்தனை காலம் எந்த மேடையில் ஏற்றப்பட்டார்கள்?

மாமல்லபுரம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதற்கு முன் எல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் அந்த ஜில்லாவின் பொறுப்பு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இங்கே படியாள்களாகக் கட்டுண்டிருந்த பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். அவையும் கைமாறிப் போயின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு 1994இல் மக்கள் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலமற்றவளின் பாட்டு ஒலிம்பியாட் மேடையில் ஒலித்து, அதன் ஆட்டங்கள் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் நடந்தபோது, விருந்தினருக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அதே ஒலிம்பியாட்டில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. பெண்கள் பிரிவில் இந்தியாவுக்கு அது முதல் பதக்கம். ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பத்தோடு காய் நகர்த்தினார். ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா, பக்தி என்று ஐந்து பேரின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது.