சட்டத்தில் மேற்படிப்பு: எந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குச் சரி?

சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை. வங்கி ஒன்றின் கம்ப்ளையன்ஸ் பிரிவு. நாள் முழுக்கச் சட்ட வாசகங்களோடுதான் பொழுது போகிறது. அப்ப, பேசாமல் சட்டத்தில் ஒரு முதுநிலைப் பட்டம் வாங்கிவிடலாமா? அப்படியே வழக்கறிஞராகவும் ஆகிவிடலாமே?

யோசனையில் தப்பில்லை. ஆனால் அவை இரண்டு வெவ்வேறு ஆசைகள். ஒரே பட்டம் இரண்டையும் நிறைவேற்றாது. அது தெரியாமல் சேர்ந்தால், ஓராண்டும் பெருந்தொகையும் போன பிறகுதான் புரியும்.

எல்எல்எம் படித்தால் வழக்கறிஞர் ஆகலாமா?

சிங்கப்பூரில் அது மட்டும் போதாது.

எல்எல்எம் என்பது ஏற்கனவே சட்டம் படித்தவர்கள் ஒரு துறையில் ஆழமாக இறங்குவதற்கான பட்டம். முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டு. சட்டத்தில் இளநிலைப் பட்டம் இல்லாவிட்டால் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை.

வேறு துறையில் பட்டம் வாங்கிவிட்டு வழக்கறிஞராக விரும்புவோர் பார்க்க வேண்டியது ஜேடி. பெயரில் 'டாக்டர்' இருந்தாலும் இது முனைவர் பட்டம் அல்ல. (சட்டப் பட்டங்களின் பெயர்களே குழப்பம்தான். ஆக்ஸ்ஃபர்டின் பிசிஎல் பட்டத்தில் 'பேச்சிலர்' என்று இருக்கும். ஆனால் அது முதுநிலைப் படிப்பு!)

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டு ஜேடி படிப்பைத் தொடங்கியது. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 2017இல் வந்தது. குற்றவியல் சட்டம், குடும்பச் சட்டம் இரண்டுக்கும் அங்கே முக்கியத்துவம். வேலை அனுபவம் உள்ளவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட பள்ளி அது.

பட்டம் கையில் வந்தாலும் வேலை முடியாது. வழக்கறிஞர் தகுதிக்கான பார்ட் பி தேர்வு இருக்கிறது. அதோடு சட்ட நிறுவனத்தில் பயிற்சி. முன்பு 6 மாதமாக இருந்த பயிற்சிக் காலம், 2024இல் நடப்புக்கு வந்த மாற்றங்களின்படி ஓராண்டாகிவிட்டது. அந்தக் காலத்தில் கைக்கு என்ன வரும் என்பதையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் படித்தால்?

இங்குதான் ரொம்பக் கவனம் தேவை. எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டங்கள் சிங்கப்பூரில் செல்லும் என்பதற்குச் சட்ட அமைச்சு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலந்து, அமெரிக்கா ஆகியவற்றின் சில பல்கலைக்கழகங்கள் அதில் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்ட், கொலம்பியா, மிச்சிகன், நியூயார்க் என நான்கே நான்கு.

பட்டியல் மாறவும் செய்யும். 2016ஆம் ஆண்டு முதல் சேரும் மாணவர்களுக்கு, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை 19இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டது. மான்செஸ்டர், லீட்ஸ், லிவர்பூல், ஷெஃபீல்ட் போன்ற பிரபல பெயர்கள் நீக்கப்பட்டன. வழக்கறிஞர்கள் தேவைக்கு மேல் பெருகிவிடுவார்கள் என்ற கவலைதான் காரணம். அந்தப் பள்ளிகள் திடீரென மோசமாகிவிடவில்லை. இங்கே தொழில் செய்ய அந்தப் பட்டம் உதவாது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் உறவினர்கள் உள்ள குடும்பங்களில் அடிக்கடி ஒரு யோசனை வரும். "ஊர்ல படிச்சா செலவு கம்மியாச்சே?" உண்மைதான். திருச்சிராப்பள்ளியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சிங்கப்பூர்ப் பட்டியலில் இல்லை. ஆய்வுக்கோ, இந்தியாவில் தொழில் செய்வதற்கோ என்றால் அது நல்ல தெரிவு. இங்கே நீதிமன்றத்தில் வாதாட அல்ல.

நியூயார்க் கதை வேறு. வேறு நாட்டில் சட்டம் படித்த பலருக்கு, அமெரிக்க எல்எல்எம் பட்டம்தான் அங்கே வழக்கறிஞர் தேர்வு எழுத வழி திறக்கிறது. குறைந்தது 24 கிரெடிட் வேண்டும். இணையம்வழி படித்தால் கணக்கில் வராது.

சரி, எல்எல்எம் யாருக்கு?

சட்டம் படித்துவிட்டுப் பாதையைக் கூர்மையாக்க நினைப்பவர்களுக்கு. முன்னாள் துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமார் 1963இல் இங்கே சட்டப் பட்டம் பெற்றார். 1966இல் யேல் பல்கலைக்கழகத்தில் எல்எல்எம் முடித்தார். பிறகு இங்கேயே சட்டத்துறைத் தலைவராக இருந்தார். தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனும் அப்படித்தான்: 1986இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1991இல் ஹார்வர்டில் எல்எல்எம். இருவருக்கும் அது இரண்டாவது சட்டப் பட்டம் என்பதைக் கவனியுங்கள்.

உள்ளூரில் என்றால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கடல்துறைச் சட்டம், அனைத்துலக நடுவர் தீர்ப்பு, அறிவுசார் சொத்துரிமை எனச் சிறப்புப் பிரிவுகள் உண்டு. இவற்றில் நடுவர் தீர்ப்புக்குச் சிங்கப்பூர் உண்மையிலேயே பொருத்தமான இடம். 1991 முதல் செயல்படும் சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் தீர்ப்பு நிலையத்துக்கு இந்திய நிறுவனங்களின் வழக்குகள் நிறைய வருகின்றன. வகுப்பில் படிப்பது மேக்ஸ்வெல் சாலையில் தினமும் நடக்கிறது. சர்வதேசத் தரவரிசையில் ஓரிரு இடம் முன்னே பின்னே இருப்பதைவிட இது முக்கியம் என்பது என் கருத்து.

தரவரிசை பொதுவாகச் சட்டத்துறை முழுவதற்கும் கொடுக்கப்படுகிறது. உங்களுக்குப் பிடித்த பாடத்தை இந்த ஆண்டு யார் நடத்துகிறார், அது நடத்தப்படுகிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. பாடப் பட்டியலைத் திறந்து பார்ப்பதுதான் வழி. அதிலும் போன ஆண்டு உண்மையில் நடந்த பாடங்களைக் கேளுங்கள். கையேட்டில் இருக்கும் எல்லாமே ஒவ்வோர் ஆண்டும் நடப்பதில்லை.

வேலையை விடாமல் படிக்க முடியுமா?

பகுதிநேரமாகப் படிக்க முடிந்தால் முடியும். அப்போது தூரமும் ஒரு பாடம்தான். எக்ஸ்போ நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறினால் பென்கூலன் வரை ரயில் மாறாமல் போகலாம். நிர்வாகப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே. மாலை வகுப்பு முடிந்து தெம்பனிஸ் திரும்புவோருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முழுநேரம் என்றால் கட்டணத்தோடு ஓராண்டுச் சம்பளத்தையும் கூட்டுங்கள். முதலாளி போடும் மத்திய சேம நிதிப் பங்கும் அதில் போகும். தொடர்புத் துறையில் பட்டம் வாங்கிய எனக்கும் ஒரு காலத்தில் இந்த ஆசை இருந்தது. அந்தக் கூட்டலைப் போட்ட அன்றே விண்ணப்பப் பக்கத்தை மூடிவிட்டேன்.

நீங்கள் மூடவில்லை என்றால், ஆகஸ்ட்டில் தொடங்கும் படிப்புக்கு விண்ணப்பங்கள் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் எழுத உங்கள் பழைய பேராசிரியருக்கும் நேரம் வேண்டும். அவருக்கு முதலில் எழுதுங்கள்.