ராஜபார்ட் படித்த பள்ளிக்கூடம்

மெக்கானிக்கல் படித்தவனுக்கு நாடகத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும்! ஹாஸ்டல் டேயில் தாடி ஒட்டிக்கொண்டு மேடையேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதையே முறையாகப் படித்துப் பட்டம் வாங்குகிற இடம் தமிழில் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கதையில் நம்ம பக்கத்து ஊர்க்காரரும் ஒருவர் வருகிறார்.

கடையம் என்றாலே பாரதி ஞாபகம்தான். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியவர், செல்லம்மாளின் ஊரான இங்கே 1920 வரை இருந்தார். அதே 1918-ல் மதுரையில் இன்னொரு காரியம் நடந்தது. தூத்துக்குடிச் சீமையைச் சேர்ந்த சங்கரதாஸ் சுவாமிகள், 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்று சிறுவர்களைக் கொண்ட நாடக சபை ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று பேர் வாங்கிய தி.க. சண்முகம் அதில் சேர்ந்தபோது வயது ஆறு.

பாய்ஸ் கம்பெனி என்பது அந்தக் காலத்து ரெசிடென்ஷியல் காலேஜ். சாப்பாடு, படுக்கை, பாட்டு, வசனம், அடி, எல்லாம் ஒரே கூரைக்குள். உப்பளத்துக் கணக்கு வேலையை உதறிவிட்டு 24 வயதில் நாடகத்துக்கு வந்த சுவாமிகள்தான் பாடத்திட்டமும், பாடப் புத்தகமும், வாத்தியாரும்! வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று சுமார் 40 நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக எழுதினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள்.

இதில் ஒரு என்ஜினீயர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகையே கிடையாது. ராத்திரி மேடையில் ஏறியதும் நாடகம் விடிய விடிய ஓடும். எல்லோரும் படித்தது சுவாமிகளின் அதே பாடம் என்பதால் பார்ட்டுகள் கச்சிதமாகப் பொருந்தின. ராஜபார்ட் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் அந்தக் காலேஜில் ஒரு பரீட்சை இருந்தது. அதற்கு யாரும் படிக்க முடியாது. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்குக் கேட்கிற உச்ச ஸ்தாயிதான் பையனின் மூலதனம். அது போனால் பார்ட் போச்சு. குரல் திரும்பி வந்தவன் பிழைத்தான். வராதவன் சில்லறை வேஷத்தோடு ஒதுங்கினான், அல்லது ஊருக்கு வண்டியேறினான். ஏட்டுப் படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. மேதைகளின் பெயர்களை நாம் மறக்கவில்லை. அந்தப் பையன்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

பிழைத்தவர்களில் உச்சம் நம் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. கடையத்திலிருந்து தென்காசி வழியாக பஸ் பிடித்தால் அவர் ஊர். 1906-ல் பிறந்து, சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் சிறுவனாகப் பயின்றவர். அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிக்க, கே.பி. சுந்தராம்பாள் ஜோடியாக நடிக்க, அந்தக் குரலுக்காகவே ஜனங்கள் ஊர் விட்டு ஊர் வந்தார்கள். 1933 டிசம்பர் 2-ம் தேதி காலமானபோது வயது 27. நாம் முதல் வேலையில் கன்ஃபர்ம் ஆகிற வயது.

சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். அதே ஊரில் 1985-ல் பல்கலைக்கழகம் வந்தது. சில ஆண்டுகளில் அங்கே அவர் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி தொடங்கியது. பொறுப்பேற்று நடத்த வந்தவர் நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி. பாய்ஸ் கம்பெனிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், என் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் பெரிது. இங்கே குரலை மட்டும் நம்பி யாரும் நிற்க வேண்டாம். நடிப்போடு இயக்கம், மேடை அமைப்பு, ஒளியமைப்பு எல்லாம் பாடம். பெண்களும் படிக்கிறார்கள். பாட்டு வராவிட்டாலும் மாணவன் மாணவன்தான்.

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளில் யாருக்காவது ஹாஸ்டல் டே முடிந்த பிறகும் வேஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை என்றால், மேற்படிப்புக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறது. ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டுப் போகலாம் என்பதால் வீட்டிலும் சமாளித்துவிடலாம். புதுச்சேரி போனால் கருவடிக்குப்பத்தில் சுவாமிகளின் சமாதியையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் நினைவு நாளான நவம்பர் 13-ல் போனால் நாடகக் கலைஞர்களையும் அங்கே பார்க்கலாம்.