அயல் அண்டங்களை அளந்த பெண்மணிகள்

வானத்தை ஆராயப் பெரிய தேசமும் பெருஞ் செல்வமும் வேண்டும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். வானநூலின் சரித்திரமோ வேறு விதமாகக் கூறுகின்றது.

தை மாதத்தில், இரவு ஒன்பது பத்து மணியளவில், தெற்கே மலை மறைக்காத இடத்தில் நின்று நோக்கினால் அகத்திய நட்சத்திரம் ஒளிவிடக் காண்போம். அதன் கீழே, அடிவானத்துக்குச் சற்று மேல், மங்கலான வெண்திட்டு ஒன்று தோன்றும். அது மேகமன்று; கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். 1519 இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட மகெல்லனின் பெயரால் அதனைப் பெரிய மகெல்லன் மேகம் என்பர். அதற்குத் துணையாகச் சிறிய மேகமும் உண்டு. முன்னையது ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தூரத்திலும், பின்னையது 2,00,000 ஒளியாண்டு தூரத்திலும் உள்ளன. நமது பால்வழி மண்டலத்துக்கு இவை அயல் வீட்டார்.

இத் தூரங்களை அறிய வழி திறந்தவர் ஹென்றியேட்டா லெவிற் என்னும் அமெரிக்கப் பெண்மணி. தூரதிருஷ்டிக் கருவியைப் பெண்களிடம் ஒப்படைக்காத காலம் அது. ஹார்வார்ட் வானாராய்ச்சி நிலையத்தில் சொற்பக் கூலிக்கு அமர்ந்து, பெரு நாட்டு மலையில் எடுக்கப்பட்ட புகைப்படத் தகடுகளை அவர் ஆராய்ந்தார். சிறிய மேகத்தில் ஒளி கூடிக் குறையும் 25 நட்சத்திரங்களை ஒப்பிட்டு, பிரகாசம் மிக்கவை மெதுவாகவே துடிக்கின்றன என்பதை 1912 இல் வெளியிட்டார். துடிப்பின் காலத்தை அறிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். அதனைக் கண்ணுக்குத் தோன்றும் ஒளியுடன் ஒப்பிட்டால் தூரம் தெரியும். இந்த அளவுகோலைக் கொண்டே, 1923 இல் தாம் கண்ட ஒரு நட்சத்திரத்தின் துணையால், அந்திரொமேடா நமக்குப் புறத்தேயுள்ள தனி மண்டலம் என ஹபிள் நிறுவினார்.

அதே மேகங்களை நம் காலத்தில் ஆராய்ந்தவர் பேராசிரியை அன்னபூரணி சுப்பிரமணியம். பாலக்காட்டிலே பிறந்து, அவ்வூர் விக்டோரியாக் கல்லூரியிற் பயின்றவர். பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் நட்சத்திரக் கொத்துகளை ஆராய்ந்து 1996 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். தமிழகத்தின் ஜவ்வாது மலையில், காவலூரில் வானாராய்ச்சி நிலையம் நடத்துவதும் இந் நிறுவனமே. தம் மாணவியுடன் சேர்ந்து அவர் மகெல்லன் மேகங்களின் ஆழத்தை அளந்தார். சிறிய மேகம் நாம் நோக்கும் திசையிலேயே நீண்டு கிடப்பது அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. 2015 செப்டெம்பர் 28 ஆம் திகதி ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செய்மதியின் புறஊதாக் கருவியைச் செம்மைப்படுத்திய பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 2019 இல் தாம் மாணவியாயிருந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார்.

ஒன்றை ஊன்றிக் கவனிப்போம். லெவிற் அம்மையாரின் தகடுகள் பெருவிலிருந்து வந்தன. அன்னபூரணி அம்மையார் ஆழத்தை அளக்கப் பயன்படுத்திய அளவீடுகள் சிலி நாட்டு மலையொன்றிலே திரட்டப்பட்டவை. கருவி ஓரிடத்தில் இருந்தது. கணக்கறிந்த பொறுமையான மூளை வேறோரிடத்தில் இருந்தது. அத்தகைய அளவீடுகள் இன்று உலகெங்கும் கற்றோர்க்கு எட்டுகின்றன.

எனினும் கணக்கறியாதவர்க்கு அவை வெறும் எண்கள். நம் தோட்டப் பகுதிகளில் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுள்ள பாடசாலைகள் மிகக் குறைவு. சாதாரண தரம் தேறியதும் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தும் வழக்கமும் முற்றாக ஒழியவில்லை. ஆகவே பெரியோரை வேண்டுகிறோம்: கணக்கு விரும்பும் மகளை அடுத்த ஊருக்கு அனுப்பியேனும் படிப்பியுங்கள். வாலிபர்களே! விடுமுறை நாட்களில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்போம். கொழுந்து பறிப்பதிலே பொறுமை காட்டிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு, நட்சத்திரங்களை எண்ணும் பொறுமை இல்லாமற் போகாது.